வினாவும் விடையும்: மூளைக்காயத்தை அளக்கும் மொழி

தலையில் அடிபட்ட ஒருவர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, அவருடைய மூச்சும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. அவற்றோடு சில கேள்விகளும் கேட்கப்படுகின்றன. உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இது என்ன மாதம் என்பவை அக்கேள்விகள். கேட்பதற்கு எளிய நலவிசாரிப்புப் போலத் தோன்றினாலும், அவை அளவைக் கருவிகள். வெப்பமானி உடலின் வெப்பத்தை அளப்பதுபோல, நோயாளி தரும் விடை அவருடைய மூளையின் நிலையை அளக்கிறது.

மூளைக்காயத்தின் போக்கில் மூன்று கட்டங்களில் மொழி இவ்வாறு அளவுகோலாகிறது. காயம்பட்ட முதல் மணிகளில் உயிராபத்தை அறிய உதவுகிறது. நினைவு திரும்பும் நாள்களில் காயத்தின் ஆழத்தை அறிய உதவுகிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் திரும்பிய பின்னர், மீட்சி எந்த அளவுக்கு நிகழ்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. அளவுகோல் மொழியாக இருக்கும்போது, அது எந்த மொழி என்பதும், விடையைக் கேட்பவர் எதைக் கவனிக்கிறார் என்பதும் முடிவை மாற்றிவிடும். பல மொழிகள் புழங்கும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இதனை அறிந்திருத்தல் நன்று. அதனை விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

காயம்படுவோர் யாவர்

தலைக்காயத்தால் மருத்துவமனைக்கு வருவோரின் வயதை வரைபடமாக இட்டால், பல நாடுகளிலும் மூன்று முகடுகள் தெரியும். நடைபழகும் பருவத்துச் சிறு குழந்தைகள் முதல் முகடு. பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள இளையர் இரண்டாம் முகடு. முதியோர் மூன்றாம் முகடு. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கீழே விழுதலே முதன்மைக் காரணம். இளையர்க்குச் சாலை விபத்து. ஆண்களின் எண்ணிக்கை பெண்களின் எண்ணிக்கையைவிடக் கணிசமாக மிகுதி.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னிருக்கைப் பயணிகளும் ஆவர். தலைக்கவசத்தின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2008ஆம் ஆண்டு வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, தலைக்கவசம் மோட்டார் சைக்கிளோட்டியின் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணக்கிட்டது. மக்கள்தொகை விரைந்து மூப்படைந்துவரும் சிங்கப்பூரில், குளியலறையிலும் படிக்கட்டிலும் வழுக்கி விழும் முதியோரின் தலைக்காயம் பெருங்கவலையாகியுள்ளது.

காயம் இரு கட்டங்களில் நிகழ்கிறது. மோதும் கணத்திலேயே நிகழ்வது முதல்நிலைக் காயம். மூளையின் நெற்றிப்பகுதியும் பொட்டுப்பகுதியும் மண்டையோட்டின் சொரசொரப்பான அடித்தளத்தின்மீது அமர்ந்திருப்பதால், அடி எங்கே பட்டாலும் இவ்விரு பகுதிகளும் உராய்ந்து கன்றிப்போவது வழக்கம். தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளையின் பல பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் பரவலாக இழுபட்டுச் சிதைவதும் உண்டு. இரண்டாம்நிலைக் காயம் அதன்பின் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வளர்வது. மண்டையோட்டினுள் இரத்தம் கட்டுதல், மூளை வீங்குதல், உயிர்வளி குறைதல் ஆகியவை அதில் அடங்கும். முதல்நிலைக் காயத்தை மருத்துவரால் திருப்பிவிட இயலாது. இரண்டாம்நிலைக் காயத்தைத் தடுப்பதே சிகிச்சையின் பெரும்பணி. அதற்கு, நோயாளியின் நிலை சரிகிறது என்பதை உரிய நேரத்தில் அறிய வேண்டும்.

ஐந்து படிகள்

இவ்வாறு அறிவதற்கு 1974ஆம் ஆண்டுக்கு முன் பொதுவான அளவுமுறை இல்லை. ஒரு மருத்துவர் "அரைமயக்கம்" என்று எழுதியதை இன்னொருவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த நரம்பறுவை மருத்துவர்கள் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனெட் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டனர். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. கண்திறப்புக்கு 4 புள்ளி, பேச்சுக்கு 5 புள்ளி, உடலசைவுக்கு 6 புள்ளி என இன்றைய வடிவில் மொத்தம் 15 புள்ளிகள்; மிகக் குறைந்த மதிப்பு 3. மொத்தம் 13 முதல் 15 வரையிலான காயம் இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரமானது, 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது என வகுக்கப்படுகிறது. மருத்துவமனைக்கு வரும் தலைக்காயங்களில் மிகப் பெரும்பாலானவை இலேசானவை.

பேச்சுக்குரிய ஐந்து படிகளை மொழியியல் கண்கொண்டு பார்ப்போம். பெயர், இடம், காலம் மூன்றையும் சரியாகச் சொல்பவர் 5 புள்ளி பெறுகிறார். உரையாடுகிறார், வாக்கியம் அமைகிறது, ஆனால் விடை உண்மையோடு பொருந்தவில்லை என்றால் 4. தனித்தனிச் சொற்கள் தெளிவாக வருகின்றன, உரையாடல் அமையவில்லை என்றால் 3. சொல்லாக உருப்பெறாத முனகல் மட்டும் இருந்தால் 2. ஒலியே இல்லையெனில் 1. மேலிருந்து கீழே இறங்கும்போது முதலில் பொருத்தம் போகிறது. பிறகு வாக்கியம், பிறகு சொல், இறுதியில் ஒலி. மொழியின் அடுக்குகள் ஒவ்வொன்றாக உரிக்கப்படும் வரிசையே இவ்வளவுகோலின் வரிசை. மருத்துவர்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று கண்டறிந்த இவ்வரிசை, நம் இலக்கணிகள் எழுத்து, சொல், பொருள் என்று கீழிருந்து மேலே கட்டிய அடுக்கை ஒத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பேச்சு எத்தகைய சான்று என்பதை அதே நகரத்து மருத்துவர்கள் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட இன்னோர் ஆய்வு காட்டியது. தலைக்காயத்துக்குப்பின் ஒரு கட்டத்தில் பேசி, பின்னர் இறந்துபோன நோயாளர்களை அது ஆராய்ந்தது. ஒருவர் பேசினார் என்றால், மோதிய கணத்தின் அடி மட்டுமே அவரைக் கொல்லும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை என்று பொருள். அவ்வாறிருந்தும் அவர் இறந்தார் என்றால், இடையில் வளர்ந்த ஏதோ ஒன்று அவரைக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோரிடம் மண்டையோட்டினுள் இரத்தக்கட்டி காணப்பட்டது. பேசியவர் பேச்சில் தடுமாறத் தொடங்குவது ஓர் எச்சரிக்கை மணி என்பதை உலகம் இதனால் உணர்ந்தது. நேற்று 5 புள்ளி பெற்றவர் இன்று 4 புள்ளி பெற்றால் அவ்வொரு புள்ளியைப் புறக்கணித்தல் ஆகாது.

கேட்ட மொழி, கேளாத மொழி

இப்போது ஒரு கற்பனை நிலையை எடுத்துக்கொள்வோம். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டு வருகிறார். கண்ணைத் திறந்து பார்க்கிறார். கைகால்களை அசைக்கச் சைகை காட்டினால் அசைக்கிறார். கேள்விகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படுகின்றன. அவர் மருண்டு பேசாதிருக்கிறார். கண்ணுக்கு 4, அசைவுக்கு 6, பேச்சுக்கு 1 என்று எழுதிவிட்டால் மொத்தம் 11. இலேசான காயமுடையவர் தாளில் நடுத்தரக் காயமுடையவர் ஆகிவிடுகிறார். ஆகவேதான், மொழித்தடையால் சோதிக்க இயலாத பகுதிக்கு 1 என்று எழுதாமல் "சோதிக்க இயலவில்லை" என்று குறிக்க வேண்டும் என்பது இன்று அவ்வளவுகோலின் விதிகளுள் ஒன்றாக உள்ளது.

மறுதலையான தவறு இதனினும் தீங்கானது. மூளைக்குள் இரத்தம் கட்டி உண்மையிலேயே குழம்பியிருக்கும் ஒருவரை, "மொழி புரியாததால் இப்படிச் சொல்கிறார்" என்று விட்டுவிடுவது அது. இங்கே மொழிபெயர்க்கும் குடும்பத்தினரின் பங்கு பெரிது. இடம் கேட்டபோது தந்தை "வீட்டிலதான் இருக்கேன்" என்று சொல்ல, அவர் மானத்தைக் காக்க எண்ணும் மகன் "ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியும்" என்று திருத்திச் சொல்லிவிடலாம். அன்பினால் செய்த அத்திருத்தம் ஒரு புள்ளியை மறைத்துவிடுகிறது. சொன்னதைச் சொன்னபடியே, தவறெனில் தவறாகவே, தெரிவிப்பதுதான் அவ்வேளையில் உதவி. நம் மாணவர் பலர் பாட்டி தாத்தாவுக்கு மொழிபெயர்ப்பாளராக மருத்துவமனைக்குச் செல்பவர்கள். அவர்களுக்கு இதனைச் சொல்லிவைத்தல் நம் கடமை.

முதியோர் குறித்து இன்னொன்றும் கூற வேண்டும். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. சிறிய அடியும் அவற்றைக் கிழிக்கக்கூடும். இரத்தம் கட்டாதிருக்க மருந்து உண்பவர்க்கு ஆபத்து இன்னும் மிகுதி. இரத்தம் மெல்லச் சேர்ந்து, வாரங்கள் கழித்துத்தான் அறிகுறி தோன்றுவதும் உண்டு. பேச்சு மந்தமாதல், சொல் தடுமாறல், முன்பின் மாற்றிப் பேசுதல் ஆகியவை அவ்வறிகுறிகளுள் சில. இவற்றை முதுமையின் மறதி என்று குடும்பம் கடந்துவிடக்கூடாது.

மறதியின் நீளம்

கண்விழித்தவுடன் நோயாளி முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை. கண் திறந்திருக்கும், பேச்சும் வரும், ஆனால் அன்றாட நிகழ்ச்சிகள் மனத்தில் பதியாத ஓர் இடைக்காலம் உண்டு. காலையில் வந்து போன மகளை மாலையில் "ஏன் வரவில்லை?" என்று கேட்பார். காயத்திற்குப் பின்னான மறதி எனப்படும் இந்நிலையின் நீளம் காயத்தின் ஆழத்தைக் காட்டும் நல்ல அளவுகளுள் ஒன்று என்பதைப் பிரித்தானிய நரம்பியல் மருத்துவர் ரிச்சி ரசல் 1932ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். பின்னர் உருவான வகைப்பாட்டில், ஒரு மணிக்குள் தீரும் மறதி இலேசான காயத்தையும், ஒரு நாள் வரை நீள்வது நடுத்தரக் காயத்தையும், ஒரு வாரம் வரை நீள்வது கடுமையான காயத்தையும், அதனையும் கடப்பது மிகக் கடுமையான காயத்தையும் குறிக்கின்றன.

இதனை அளப்பதற்கும் வினாக்களே கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவாகி 1986இல் வெளியான வெஸ்ட்மீட் அளவுகோலில் நாள்தோறும் 12 வினாக்கள் உண்டு. ஏழு வினாக்கள் தன்னையும் இடத்தையும் காலத்தையும் பற்றியவை. ஐந்து வினாக்கள் நேற்றுக் காட்டிய முகத்தையும் பெயரையும் படங்களையும் நினைவுகூர்பவை. தொடர்ந்து மூன்று நாள் 12 வினாக்களுக்கும் சரியான விடை வந்தால் மறதிக்காலம் முடிந்ததெனக் கொள்வர்.

இவ்வினாக்கள் பண்பாட்டின் நிறமற்றவை அல்ல. "என்ன மாதம்?" என்று கேட்டால் "ஆடி" என்று விடையளிக்கும் முதியவர் காலம் அறியாதவர் அல்லர். "தைப்பூசம் முடிந்து பத்து நாள் ஆயிற்று" என்பவர் தம் நாள்காட்டியில் துல்லியமாகவே நிற்கிறார். தாதியை "அம்மா" என்று அழைப்பவர் ஆளை மாற்றிக் கண்டார் என்று முடிவுகட்ட முடியாது. இவற்றைக் குழப்பத்தின் அடையாளமாகக் கொள்வதா, தெளிவின் அடையாளமாகக் கொள்வதா என்பது, கேட்பவர் அம்மொழியின் வழக்கை அறிந்திருப்பதைப் பொறுத்தது.

நல்ல மீட்சி என்பது

காயத்தின் இறுதி விளைவை அளக்க ஜெனெட்டும் உளமருத்துவர் மைக்கேல் பாண்டும் 1975இல் ஐந்து வகுப்புகள் கொண்ட அளவுகோலை அமைத்தனர். இறப்பு, உணர்வற்ற உயிர்நிலை, கடும் இயலாமை, நடுத்தர இயலாமை, நல்ல மீட்சி என்பவை அவை. நல்ல மீட்சி என்ற வகுப்பிலும், சிறு குறைகள் எஞ்சியிருக்கப் பழைய வாழ்வுக்குத் திரும்பியோர் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் இலேசானது என்று வகுக்கப்பட்ட காயம் இறுதியில் இலேசான விளைவையே தருமா? கிளாஸ்கோவில் ஐந்து மருத்துவமனைகளில் தலைக்காயத்துடன் சேர்க்கப்பட்ட இளையரையும் பெரியவரையும் ஓராண்டு கழித்துத் தேடிச்சென்று கண்ட ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. நடுத்தர அல்லது கடும் இயலாமையுடன் வாழ்வோர், கடுமையான காயமுற்றவருள் 48 விழுக்காடு, நடுத்தரக் காயமுற்றவருள் 45 விழுக்காடு, இலேசான காயமுற்றவருள் 47 விழுக்காடு. மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. இவர்கள் அனைவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் என்பதையும், அவர்களுள் பலர்க்கு முன்பே வேறு நலக்குறைவுகளும் வாழ்க்கைச் சிக்கல்களும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்புவோருள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மூன்று மாதங்களுக்குள்ளோ தேறிவிடுகின்றனர். ஆயினும், "இலேசானது" என்ற முதல் நாள் சொல்லை ஆண்டு முழுமைக்கும் நீட்டிவிடக்கூடாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அதே குழுவினரை 5 முதல் 7 ஆண்டுகள் கழித்துக் கண்டபோதும் ஏறத்தாழப் பாதிப்பேர் இயலாமையுடனேயே இருந்தனர். இடையில் சிலர் முன்னேறியிருந்தனர், சிலர் பின்னடைந்திருந்தனர்.

பேச்சு மீண்டது, மொழி மீண்டதா

எஞ்சும் அக்குறைகளுள் மொழிக்குறை எத்தகையது? பக்கவாதத்தால் வரும் அபேசியா எனும் மொழியிழப்பை நாம் அறிவோம். சொல் வராது, அல்லது வந்த சொல் பொருந்தாது. தலைக்காயத்தில் இத்தகைய தெளிவான மொழியிழப்பு ஒரு பகுதியினர்க்கே வருகிறது. நியூயார்க்கில் மார்த்தா டெய்லர் சார்னோ புனர்வாழ்வுச் சிகிச்சை பெற்றுவந்த தலைக்காய நோயாளர்களைச் சோதித்து 1980இல் எழுதியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரிடமே அது இருந்தது. ஏனையோர் சாதாரணப் பேச்சில் குறையற்றவராகத் தோன்றினர். நுணுக்கமான சோதனையில் அவர்களிடமும் சொல் தேடலிலும் புரிதலிலும் குறைகள் வெளிப்பட்டன.

குறிப்பிட்ட ஓரிடத்தில் காயம் பட்டால் இலக்கண உறவே அறுபடுவதும் உண்டு. உருசிய உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா, 1943ஆம் ஆண்டுப் போரில் தலையில் குண்டு பாய்ந்த சசேத்ஸ்கி என்ற இளைஞரின் நிலையை விரிவாகப் பதிந்துள்ளார். அவர் தம் நிலையைத் தாமே எழுத முயன்று, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பக்கங்கள் எழுதினார். தனிச் சொற்கள் அவருக்குப் புரிந்தன. ஆனால் தந்தையின் சகோதரன், சகோதரனின் தந்தை என்ற இரு தொடர்களின் வேறுபாடு பிடிபடவில்லை. தமிழில் இவ்வேறுபாட்டைத் தாங்குவது "இன்" என்ற உருபும் சொற்களின் வரிசையுமே. இதே உறவைச் "சித்தப்பா" என்று ஒரே சொல்லில் அடக்கும் வசதியும் நம் மொழிக்கு உண்டு. எனவே வேற்று மொழியில் இயற்றப்பட்ட சோதனையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது அளக்க வேண்டியதை அளக்காது போகலாம்.

நெற்றிப்பகுதி கன்றியவர்களிடம் காணப்படும் குறை இன்னும் நுண்ணியது. ஒலியும் சொல்லும் வாக்கியமும் செவ்வையாக இருக்கும். சூழலுக்கேற்பப் பேசும் திறனும் கேட்டதன் உட்கருத்தை உணரும் திறனும் குன்றியிருக்கும். மொழியியலில் இதனைப் பயன்வழியியலின் பாற்படுத்துவோம். நன்னூல் பயின்றவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை. "இன்று நூலகத்துக்கு வருகிறாயா?" என்று கேட்ட நண்பனிடம், "வருகிறேன்" என்றால் நேர்விடை, "காய்ச்சல் அடிக்கிறது" என்றால் உற்றது உரைத்தல், "பேருந்தில் நின்றால் தலை சுற்றும்" என்றால் உறுவது கூறல், "வீட்டில் படிப்பேன்" என்றால் இனமொழி. பின் மூன்றிலும் "வரமாட்டேன்" என்ற சொல் இல்லை. கேட்பவர் மனத்தில்தான் அது பிறக்கிறது.

காயமுற்ற மூளை இழப்பது பெரும்பாலும் இந்தப் பிறப்பைத்தான். "காய்ச்சல் அடிக்கிறது" என்ற விடையைக் கேட்டபின்னும் அவர் "சரி, வருகிறாயா இல்லையா?" என்று கேட்பார். "பார்க்கலாம்" என்று நயமாக மறுத்தவரின் வீட்டு வாசலில் மறுநாள் போய் நிற்பார். "ரொம்ப நல்ல காரியம் செய்தாய்" என்ற கண்டிப்பைப் பாராட்டாகக் கொள்வார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு மறந்துபோகாது; எங்கே எதைச் சொல்வது என்ற தடை தளர்ந்திருக்கும். மாமியாரை ஒருமையில் அழைத்துவிட்டு, வீடு ஏன் மௌனமாகிறது என்று விளங்காமல் விழிப்பார். பெயர், இடம், மாதம் ஆகியவற்றைக் கேட்டால் முழுப் புள்ளியும் பெறுவார், ஏனெனில் அவை நேர்விடை வேண்டும் வினாக்கள். மருத்துவமனை முதல் மூன்று விடைகளை அளந்து அனுப்புகிறது. வாழ்க்கையோ பின் ஐந்து விடைகளில் நடக்கிறது. நட்பும் மணவாழ்வும் வேலையும் முறிவது பெரும்பாலும் இவ்விடைவெளியில்தான். உறவினர் அதனைத் திமிர் என்றோ அலட்சியம் என்றோ பெயரிடுவதால் துன்பம் இரட்டிப்பாகிறது.

இரு மொழியும் இரு வழக்கும்

பல மொழி பேசுவோர் காயமுற்றால் எம்மொழி முதலில் மீளும் என்ற கேள்வி பழையது. முதலில் கற்ற மொழியே முதலில் மீளும் என்ற கருத்துப் பிரெஞ்சு அறிஞர் ரிபோவின் பெயரால் வழங்குகிறது. காயத்துக்கு முன் மிகுதியாகப் பயன்படுத்திய மொழியே மீளும் என்று 1895இல் பீத்ரே வாதிட்டார். பின்னர் மிஷேல் பாரதி திரட்டி ஆராய்ந்த நேர்வுகளில், பெரும்பாலோரிடம் மொழிகள் ஒருசேரவே மீள்வது தெரிந்தது. ஆயினும் வேறுபட்டு மீள்வோரும் உள்ளனர். ஆகவே ஒரு மொழியில் மட்டும் சோதித்து முடிவுகட்டுதல் பொருந்தாது.

நம் சூழலில் இரு நுணுக்கங்கள் உள. ஒன்று மொழிக்கலப்பு. தமிழ் வாக்கியத்தில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் விரவுவது இங்கு அன்றாட வழக்கு; அது நோயன்று. எதிரில் இருப்பவர்க்குத் தமிழ் தெரியாது என்பதை அறிந்தும் அவரிடம் தமிழிலிருந்து மாற இயலாமல் தவிப்பதே கவலைக்குரியது. இரண்டாவது இரட்டைவழக்கு. "தங்கள் இருப்பிடம் யாது?" என்ற எழுத்துத்தமிழ் வினாவுக்கு, தமிழ்ப்பள்ளி வாசலை மிதியாத முதியவர் திகைத்து நின்றால் பிழை அவருடையதன்று. "இது எந்த எடம்னு சொல்லுங்க" என்பதே அங்கே சரியான தமிழ்.

வகுப்பறைக்குத் திரும்பும் மாணவர்

இளம் மூளை எளிதில் ஆறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதனை முழுமையாக ஆதரிப்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை, இனிமேல் பெறவேண்டிய திறன்களுக்கான அடித்தளத்தையே இழந்திருக்கலாம். அதனால் சிறு வயதில் பட்ட காயத்தின் விளைவு, பாடம் கடினமாகும் பின்னாளில் வெளிப்படுவது உண்டு. தொடக்கப்பள்ளியில் நன்றாகப் படித்தவர் மேல்வகுப்பில் கருத்தறிதலிலும் கட்டுரையிலும் பின்தங்கினால், பழைய விபத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ்ப் பாடத்தில் இக்குறை தனித்த வடிவம் எடுக்கும். நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருகிறது. வினையெச்சங்களும் பெயரெச்சங்களும் அடுக்கிய நீள்தொடரை, முற்று வரும்வரை மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். காயமுற்ற மாணவரின் மனம் பாதி வழியில் அதனை நழுவவிடுகிறது. அவர் பத்தியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார். பத்தி என்ன சொல்கிறது என்றால் தயங்குவார். கதையில் வந்த நிகழ்ச்சிகளை அடுக்குவார். கதையின் சாரத்தைச் சுருக்க இயலாது. வாய்மொழித் தேர்வில் "அது… அந்த இது…" என்று சொல் தேடுவார். பிற்பகலில் களைத்துப்போவார்.

ஆசிரியர் செய்யக்கூடியவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் தருக. நீள்வாக்கியத்தை இரண்டாக முறித்துச் சொல்லுக. கேட்டபின் விடைக்காகக் காத்திருக்க. அமைதியை அறியாமை என்று கொள்ளற்க. குறிப்பாகச் சொன்னதை ஒருமுறை நேராகவும் சொல்லுக. பத்தி படித்ததும் அதன் சாரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழக்குக. வேலைச்சுமையைப் படிப்படியாகக் கூட்டுக. ஐயம் தோன்றினால் பெற்றோரிடம், "எப்போதாவது தலையில் பலமாக அடிபட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்க.

மீட்சி நோயாளியின் உழைப்பால் மட்டும் ஆவதன்று. ஆஸ்திரேலியாவில் லியான் தோகரும் உடனாய்வாளரும், தலைக்காயமுற்றோர் தொலைபேசியில் தகவல் கேட்டு அழைக்கும்போது எப்படிப் பேசுவதென்று காவல்துறையினர்க்குப் பயிற்சி அளித்தனர். பயிற்சிக்குப்பின் அவ்வுரையாடல்கள் செறிவாகவும் நோக்கம் தவறாமலும் அமைந்தன. காயமுற்றவர்க்குச் சிகிச்சை எதுவும் புதிதாக அளிக்கப்படவில்லை. மாறியது கேட்டவரின் பேச்சு. ஒருவரின் இயலாமையில் ஒரு பகுதி அவரோடு பேசுவோரின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மொழி கற்பிப்போரும் கற்போரும் வினா கேட்பதையும் விடையை ஆராய்வதையும் தொழிலாகவே கொண்டவர்கள். விடை சரியா என்று பார்ப்பதோடு, அது எந்த மொழியில் கேட்ட வினாவுக்கு வந்த விடை, நேர்விடையா குறிப்புவிடையா, நேற்றைய விடைக்கும் இன்றைய விடைக்கும் வேறுபாடு உண்டா என்றும் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கத்தை வகுப்பறைக்கு வெளியே, மருத்துவமனைப் படுக்கையருகேயும் வீட்டுத் திண்ணையிலும் கொண்டுசென்றால், தலைக்காயமுற்ற ஒருவரின் நிலை சரிவதை ஒரு நாள் முன்னதாக அறியலாம்; தேறிவிட்டார் என்று ஊர் சொல்லும் ஒருவர் இன்னும் எங்கே தவிக்கிறார் என்பதையும் உணரலாம்.